பூனையின் நகமும் அதற்கு இடும் உறையும்



சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. முதல் மணி அடித்துக் கால்மணி நேரம் சென்றிருக்கும். ஏழாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன், ஒரு கையிற் புத்தகப் பையும் மறு கையில் வாய் கட்டிய சாக்கும் தாங்கியவனாய் என் அலுவலக வாயிலில் வந்து நின்றான். பிந்தி வந்ததற்குக் காரணம் கேட்டேன். அவன் வாய் திறக்குமுன் சாக்கு பதில் கூறிற்று. உள்ளிருந்து பூனையொன்றின் குரல் ஈனசுரத்தில் எழுந்தது.

"சந்தையிலை விட்டிட்டு வரச் சொல்லி அப்பா தந்தவர், சேர். எனக்கு விட மனம் வரேல்லை" என்றான்.

விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. மூத்த மகன் பிறநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் அவ்வீட்டார் பஞ்சணைக் கதிரைத் தொகுதி ஒன்றை வாங்கியிருந்தனர். வாங்கி ஒரு மாதம் முடியுமுன் அதன் கைப்பிடிகள் இரண்டும் நார் நாராய்க் கிழிந்து, உள்ளிருந்த பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. குற்றவாளி யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே தீர்ப்பும் தாமதமின்றி வழங்கப்பட்டது. நம்மவர் பூனைக்கு விதிக்கும் தண்டனை பெரும்பாலும் இதுவே: சாக்கு, பின்னர் சந்தை அல்லது கோயில் வீதி. வீட்டுச் சோறுண்டு வளர்ந்த பிராணி அங்கே தெருநாய்களுக்கும் வாகனங்களுக்கும் நடுவே எத்தனை நாள் உயிர்வாழும் என்பதைச் சந்தைக்குப் போய்வருவோர் அறிவர்.

அன்று முழுவதும் பூனை என் அலுவலகத்திலேயே இருந்தது. அதன் தகப்பனாரை, அதாவது மாணவனின் தகப்பனாரை, மாலையில் வரும்படி சொல்லியனுப்பினேன். அவரோடு பேசுவதாயின் வெறும் இரக்கத்தை மாத்திரம் துணைகொண்டு பேசிப் பயனில்லை. கிழிந்த கதிரைக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். கலைத்துறையிற் பட்டம் பெற்றவனாகிய நான் விலங்குகளைப் பற்றி அறிந்தது சொற்பம். ஆதலால் மிருக வைத்தியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் கூறியவற்றையும், பின்னர் அது பற்றி நான் படித்தறிந்தவற்றையும் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பூனை எதற்காகப் பிறாண்டுகிறது? கெட்ட புத்தியினால் என்பது பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று. பூனையின் நகம் வெங்காயத்தைப் போலப் படலம் படலமாக வளர்வது. மேற்படலம் முதிர்ந்து மழுங்கியதும் அது கழன்று விழ வேண்டும். அவ்வாறு கழற்றுவதற்குச் சொரசொரப்பான பொருளொன்றில் நகத்தைப் பதித்து இழுப்பதே வழி. உங்கள் வீட்டுக் கதிரையின் அடியிற் கூர்ந்து நோக்கினால், பிறை வடிவான வெறும் கோதுகள் சில கிடப்பதைக் காணலாம். நகம் உடைந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். பாம்பு சட்டை உரிப்பதைப் போன்ற செயலே அது.

வேறு காரணங்களும் உள. உறங்கி எழுந்த பூனை முன்கால்களை உயரத் தூக்கி, நகத்தை ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து நீட்டி நெளிவது தசைகளுக்கு அது கொடுக்கும் பயிற்சி. அன்றியும், அதன் பாதத்து விரல்களுக்கிடையே மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. பிறாண்டும் இடத்தில் அந்த மணம் படிகிறது. நம் மூக்குக்கு எட்டாத அம்மணம் மற்றைப் பூனைகளுக்கு, 'இவ்விடம் எனக்கு உரியது' என்னும் அறிவித்தற் பலகையாகும். வீட்டார் அதிகமாகப் புழங்கும் இடத்திலே, யாவரும் வந்து அமரும் கதிரையிலே, பூனை தன் முத்திரையைப் பதிக்க விரும்புவது இதனாலேதான். நாம் கதிரையை நேசிப்பதனால் அல்ல, அதில் நாம் இருப்பதனால் அது பூனைக்கும் முக்கியமாகிறது.

நகத்தின் அமைப்பை அறிந்தால் வியப்புத் தோன்றும். பழந்தமிழிலே நகத்துக்கு உகிர் என்றொரு பெயர் உண்டு. காட்டுப் பூனைக்கு வெருகு என்று பெயர். அந்த வெருகுக்கும் புலிக்கும் நம் வீட்டுப் பூனைக்கும் உகிரின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகம், பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகம், ஆக 18 நகங்கள். மனிதனுடைய நகம் விரலின் தோலோடு ஒட்டியது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைப்பது. பூனை வாளாவிருக்கும்போது மீள்தன்மையுள்ள தசைநார்கள் அந்தக் கடைசி எலும்பை மேல்நோக்கி மடித்து, நகத்தைத் தோலுறைக்குள் வைத்திருக்கும். இதற்கு அது யாதொரு முயற்சியும் செய்ய வேண்டுவதில்லை. பாதத்தின் அடியிற் செல்லும் மற்றொரு தசைநாரை இழுக்கும்போது மாத்திரமே நகம் வெளியே பாய்கிறது. ஆகவே பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று நாம் சொல்வது தலைகீழான கூற்று. உள்ளே இருத்தல் அதன் இயல்பு நிலை. வெளியே நீட்டுவதே செயல். நடக்கும்போது நகம் தரையில் உராயாமற் கூர்மை கெடாதிருப்பதும், காலடி ஓசையின்றி அது வந்து நிற்பதும் இதனால்தான். கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் இன்றும் வாழும் மீன்பிடிப் பூனைக்கோ நகவுறை முழுமையாக அமையாமையால், நகத்தின் நுனி எப்பொழுதும் சிறிது வெளியே தெரியும்.

இந்த அமைப்பை இவ்வளவு விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்காவிலே, பூனையின் பிறாண்டலை ஒழிப்பதற்கெனச் சத்திர சிகிச்சை ஒன்று பல்லாண்டு காலம் வெகு சாதாரணமாகச் செய்யப்பட்டு வந்தது. அதற்கு 'நகம் களைதல்' என்று பெயர். பெயரைக் கேட்டவர் நகத்தை மட்டும் பிடுங்குவதாகவே எண்ணுவர். ஆனால் நகம் எலும்பிலிருந்து முளைப்பது என்று கண்டோம் அல்லவா? மறுபடி முளையாதிருக்க வேண்டுமாயின் அந்த எலும்பையே அகற்ற வேண்டும். முன்கால்கள் இரண்டிலும் பத்து விரல்களின் கடைசிக் கணு வெட்டி எறியப்படுகிறது. நம் கை விரல்கள் பத்தினையும் நகத்துக்குக் கீழுள்ள மூட்டோடு தறிப்பதற்கு இது சமானம். பூனை குதிக்காலை ஊன்றாமல் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. ஆதலால் நடையே மாறிப்போகிறது. முதுகு நோவும் பாத நோவும் உண்டாவதும், நோவினாற் பூனை மலசலம் கழிக்கும் மணற்பெட்டியை வெறுத்து வீட்டினுள் அசுத்தம் செய்வதும், நகத்தை இழந்தது பல்லை நாடுவதும் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளன. கதிரையைக் காக்கப் போய்க் கடி வாங்கிய கதை இது.

நல்ல வேளையாக, உலகின் பல நாடுகள் இவ்வழக்கத்தை விலக்கிவிட்டன. 1987 ஆம் ஆண்டில் உருவான வளர்ப்புப் பிராணிகள் பாதுகாப்புக்கான ஐரோப்பிய உடன்படிக்கை இதனைத் தடை செய்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இதற்கு இடமளிப்பதில்லை. இஸ்ரவேல் 2011 இல் தடுத்தது. அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக நியூயோர்க் 2019 இல் தடைச் சட்டம் இயற்றியது. பூனைக்கு நோய் கண்டு, அதன் நிமித்தம் விரலை அகற்ற நேர்ந்தால் அது வேறு விஷயம்.

இச்சத்திர சிகிச்சைக்கு மாற்றாகத் தோன்றியதே நகவுறை. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தைச் சேர்ந்த மிருக வைத்தியர் டொபி வெக்ஸ்லர் என்பவர் இதனை உருவாக்கினார். மென்மையான வினைல் என்னும் பொருளாற் செய்த சிறு கூடு அது. பூனை நகத்தின் வடிவத்தையே உடையது. உள்ளே துளி பசையை இட்டு, நகத்தின் மேல் தொப்பி போலச் செருகிவிடுவார்கள். கூர்மை மறைந்து நுனி மழுங்கிவிடுகிறது. பூனை பிறாண்டலாம், நீட்டி நெளியலாம். ஆனால் துணி கிழியாது, தோல் கீறாது. பொருத்தமான அளவுடையதாயின் நகம் உள்ளே மடங்குவதற்கும் அது இடையூறு செய்வதில்லை. சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு என்று பல நிறங்களிலும் இவை விற்பனையாகின்றன. பூனைக்கு நகப்பூச்சு எதற்கு என்று முதலில் நானும் நகைத்தேன். நிறமுள்ள உறையாயின் ஒன்று கழன்றதும் கண்ணுக்குத் தெரியும் என்று நண்பர் விளக்கிய பின்னரே நகைப்பதை நிறுத்தினேன்.

இதனை நேரிற் காணும் வாய்ப்பு வெள்ளவத்தையில் கிடைத்தது. என்னோடு முன்னர் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே தொடர்மாடி வீடொன்றில் வயது முதிர்ந்த தம் அன்னையாருடன் வசிக்கிறார். அன்னையாருக்கு எண்பதைத் தாண்டிய பிராயம். நெடுநாளாக நீரிழிவு நோய் உள்ளவர். அவர்களிடம் ஒரு சாம்பல் நிறப் பூனை. மகள் வெளியே சென்றால் அம்மூதாட்டிக்கு அதுவே துணை. மடியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அது ஊன்றும் நகம் அவருடைய காலிற் கீறி, ஒரு முறை அந்தக் கீறல் புண்ணாகி ஆறுவதற்கு இரு மாதம் சென்றது. முதுமையில் தோல் கடதாசி போல மெலிந்துவிடும். நீரிழிவு உடையவர்களின் காற்புண் இலகுவில் ஆறாது. இனிப் பூனை வீட்டில் இருத்தலாகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மூதாட்டியோ, பூனை போனால் தாமும் சோறு உண்ணப் போவதில்லை என்று இருந்துவிட்டார். மகளுக்கு இரு பக்கமும் இடி. அவ்வேளையில் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு பெட்டி நகவுறை கொண்டு வந்து கொடுத்தார்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற பழைய கேள்வி நமக்குத் தெரியும். பூனைக்கு நகவுறை இடுவது அதனிலும் கடினமாயிருக்குமோ என்று எண்ணியபடியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை பதற்றமின்றிச் செய்தார். பல நாள் முன்னதாகவே பூனையின் பாதத்தைத் தொட்டுத் தடவி, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு மீன் கொடுத்து, பாதம் பிடிபடுவதற்கு அதனைப் பழக்கியிருந்தார். நல்ல உறக்கத்துக்குப் பின், வயிறு நிறைந்திருந்த வேளையில், மடியில் துணி விரித்துப் பூனையை இருத்தினார். விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்தியதும் நகம் வெளியே வந்தது. அதன் கூர்நுனியை மட்டும் நறுக்கினார். நகத்தின் அடிப்பாகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவது குருதியும் நரம்பும் ஓடும் உயிர்த்தசை. கத்தரி அதனை அணுகலாகாது. பின்னர் உறையினுள் மூன்றிலொரு பங்குக்குப் பசையை விட்டு நகத்திற் செருகினார். பசை அதிகமானால் வழிந்து மயிரிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். உறையை அடிவரை நெரித்துத் தள்ளினால் நகக்கண் புண்படும். பத்து நகங்களுக்கும் இட்டு முடிந்ததும் பசை இறுகும்வரை சுமார் ஐந்து நிமிடம் பூனையை மடியிலேயே வைத்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பின்கால்களுக்கு இடவில்லை. பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை.

இறங்கிய பூனை முதலில் காலை உதறிற்று. ஒரு உறையைக் கடித்துப் பார்த்தது. பிறகு யன்னலோரம் சென்று படுத்துக்கொண்டது. மூதாட்டி என்னை அருகே அழைத்து, "தம்பி, பாத்தீங்களே, உதுக்கு மெட்டி போட்டு விட்டிருக்கிறாள்" என்று சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு அவர் காலிற் கீறல் விழவில்லை என்று ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார்.

ஆயின் உறையை இட்டுவிட்டு மறந்துவிட முடியாது. நகம் படலமாக உரியும்போது உறையும் அதனோடு சேர்ந்து கழன்று விழும். நான்கு முதல் ஆறு வாரம் வரை அது நிலைக்கும். எல்லாம் ஒரே நாளில் விழுவதுமில்லை. விழுந்ததற்குப் புதிதாக இட வேண்டும். விழாமலே நெடுங்காலம் தங்கியிருக்கும் உறை மேலும் கேடானது. உள்ளே நகம் வளர்ந்து வளைந்து பாதத்தின் சதையிற் குத்தக்கூடும், ஈரமும் அழுக்கும் சேர்ந்து நகக்கண்ணிற் சீழ் பிடிக்கவும் கூடும். ஆகவே வாரம் ஒரு முறையேனும் ஒவ்வொரு விரலையும் பார்க்க வேண்டும். வீக்கம், நாற்றம், நொண்டல், இடைவிடாது பாதத்தைக் கடித்தல் ஆகியவை தோன்றினால் மிருக வைத்தியரிடம் செல்ல வேண்டும். உறையைப் பூனை விழுங்கிவிட்டால், பொதுவாக அது மலத்தோடு வெளியேறிவிடும். சிறு குட்டிகளுக்கு இது ஆகாது. அளவு தவறாமையும் முக்கியம். பூனையின் நிறையைக் கொண்டு குட்டிக்குரியது, சிறியது, நடுத்தரம், பெரியது எனத் தெரிந்தெடுப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை ஒன்று உண்டு. வெளியே திரியும் பூனைக்கு நகவுறை இடலாகாது. நாய் துரத்தினால் மரத்தில் ஏறித் தப்புவதற்கும், மதிலில் தாவிப் பற்றுவதற்கும், மற்றொரு பூனை பாய்ந்தால் எதிர்ப்பதற்கும் அதற்கு உள்ள ஆயுதம் நகம். அதனை மூடி வெளியே விடுவது வாளை உறையோடு தைத்துவிட்டு வீரனைப் போர்க்களத்துக்கு அனுப்புவது போலாகும். நம் நாட்டுப் பூனைகளிற் பெரும்பாலானவை அரைவாசி வீட்டிலும் அரைவாசி வளவிலும் காலம் கழிப்பவை. ஆதலால் இவ்வுறை நம்மவர் எல்லாருக்கும் ஏற்ற மருந்தென்று நான் சொல்லமாட்டேன். மாடி வீடுகளில் உள்ளேயே வளரும் பூனைகளுக்கும், முதியோரும் நோயாளரும் உள்ள வீடுகளுக்கும், தோல் நோயினாற் பூனை தன்னையே பிறாண்டிப் புண்ணாக்கும் காலத்துக்கும் அது உகந்தது.

எஞ்சியோருக்கு என்ன வழி? இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு முறை நகத்தின் நுனியை நறுக்கிவிடல் ஒன்று. மற்றது, பிறாண்டுவதற்கென்றே பூனைக்கு ஓர் இடம் கொடுத்தல். இரண்டாவதை அந்தப் பூனையே எனக்குக் கற்பித்தது. மாணவன் கொணர்ந்த அன்று, சாக்கை அவிழ்த்ததும் அலுமாரிக்கு அடியிற் பதுங்கிய அப்பிராணி, நண்பகலில் மெல்ல வெளியே வந்து, என் மேசைக்கு முன்னிருந்த புதிய மெத்தைக் கதிரையைக் கடந்து சென்று, வாயிலிற் கிடந்த தும்புக் கால்மிதியின்மேல் நகத்தை ஊன்றி வெகு திருப்தியோடு பிறாண்டத் தொடங்கியது. மேனாட்டார் பிறாண்டற் கம்பத்துக்குக் கற்றாழை இனத்து நாரினாலான கயிற்றைச் சுற்றுகிறார்கள். நம்மிடம் தென்னந்தும்பு இருக்கிறதே!

மாலையில் தகப்பனார் வந்தார். கோபம் தணியாதவராகவே வந்தார். பூனைக்காக நான் பரிந்து பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். கதிரை கிழிந்தது உண்மையான நட்டம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, கால்மிதியைக் காட்டினேன். நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "கட்டை எத்தனை அடி வேணும், சேர்?" என்று கேட்டார்.

பூனை பின்காலில் நின்று முழுவதும் நீட்டி நிமிரும் உயரம் வேண்டும். மூன்று அடி போதும். சாயாதபடி அகன்ற பலகையொன்றில் அறைந்து நிறுத்த வேண்டும், ஏனெனில் ஒரு முறை ஆடிய கம்பத்தை அது மறுமுறை நாடாது. தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கிழிபட்ட கைப்பிடிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். விறாந்தை மூலையில் ஒளித்து வைத்தாற் பயனில்லை. அது கம்பத்தைத் தொட்டதும் ஒரு துண்டு மீன் கொடுக்கலாம். காலைப் பிடித்து வலிந்து கம்பத்தில் உரைத்துக் காட்டுவதும், கதிரையைத் தொட்டதற்காக அடிப்பதும் வேண்டா; அடித்தால், அடிப்பவர் இல்லாத வேளையைப் பூனை அறிந்துகொள்ளும், அவ்வளவே. கம்பம் பழகும்வரை கைப்பிடியை வழுவழுப்பான சீலையால் மூடிவைக்கலாம்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். பூனை கீறிய காயத்தை அற்பமாக எண்ணலாகாது. பூனைக்கீறல் காய்ச்சல் என்றொரு நோய் உண்டு. 1950 ஆம் ஆண்டில் பரிசு நகரில் ரொபேர் டெப்ரே என்னும் வைத்தியப் பேராசிரியர் அதனை விவரித்தார். அதன் கிருமி 1990களின் தொடக்கத்திலேதான் இனங்காணப்பட்டது. தெள்ளுப்பூச்சியின் எச்சம் நகத்திற் படிந்து, கீறலினூடே உடலிற் புகுகிறது. நிணநீர்க் கணுக்கள் வீங்கிக் காய்ச்சல் காயும். ஆகையால் பூனையிற் தெள்ளு இல்லாமற் பார்த்துக்கொள்வது நகத்தை நறுக்குவதற்கு நிகரான காவல். விசர்நாய்க்கடி நோயோ பூனையாலும் பரவும். கடியோ கீறலோ எதுவாயினும் உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசினர் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கோப்பித்தூளோ மஞ்சளோ அப்பிக்கொண்டு வீட்டிலிருத்தல் ஆபத்து. பூனைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவித்தலும் அவசியம்.

அன்று பூனை மீண்டும் சாக்கில் ஏறவில்லை. மாணவன் அதனைக் கையில் ஏந்திக்கொண்டு தகப்பனாரின் துவிச்சக்கரவண்டியின் பின்னால் அமர்ந்து போனான். வேப்பங்கட்டையிற் கம்பம் ஒன்று அவ்வாரமே செய்யப்பட்டது. அதிற் சுற்றிய கயிறு சென்ற மாதம் பிய்ந்து தொங்கத் தொடங்கியதாம். அழகற்றுப் போனதே என்று மாற்ற நினைத்தார்கள். மாற்றுவதாயின் பழைய கயிற்றில் ஒரு முழத்தைப் புதியதன் மேல் விட்டுச் சுற்றும்படி சொல்லியனுப்பினேன், பூனையின் மணம் அதில் இருக்கிறபடியால். மறுநாள் மாணவன் வந்து, பூனை அந்த ஒரு முழத்தை மோந்து பார்த்து அங்கேயே முதல் நகத்தை ஊன்றியது என்று கூறிவிட்டு வகுப்புக்குச் சென்றான்.